பாண் வரிசையில் ஒரு தலையணை

பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ரெக்கார்டரை எங்கே வைப்பது, கோப்புக்கு எப்படிப் பெயர் கொடுப்பது என்றெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சேர்ந்த காலத்தில் ஒலிநாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். அந்தப் பெருமையை எல்லாம் பேசி உங்களை அறுக்கவும் மனமில்லை. என் வாயால் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்த கதையை மட்டும் சொல்கிறேன். என் வாயைப் பற்றி உங்கள் சீனியர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

இந்தக் கதையில் வரும் இரண்டு பெண்களிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் மாடியில் எங்கள் பிரிவு இருந்தது. ஊர் ஊராகப் போய் சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்வோம். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு புது வேலை வந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்து, பிறகு படகேறி வந்து, மதுரையைச் சுற்றியுள்ள முகாம்களில் குடியிருக்கும் பெண்களைப் பதிவு செய்ய வேண்டும். குண்டு விழுந்த ஊரில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

எங்கள் தலைவருக்குத் தன் பெயர் எங்கேயும் வருவது பிடிக்காது, அதனால் தலைவர் என்றே சொல்கிறேன். இந்த வேலை தொடங்கிய முதல் நாளே அவர் ஒன்று சொன்னார். "ஏம்மா, ஒரு வீட்டுல கேட்டத அடுத்த வீட்டுல எறக்கிறாத. ஒரே கேன்ல இருந்து எல்லா வீட்டுக்கும் ஊத்துறதுக்கு நாம என்ன பால்காரரா?" நானும் தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மேலூர்ப் பக்கத்து முகாம் ஒன்றில் பரமேஸ்வரி அக்காவைப் பிடித்தேன். குட்டையான உருவம், ஆனால் முன்கை இரண்டும் பயில்வானுக்கு உள்ளது போல. நான் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். என்ன இழந்தீர்கள், யாரை இழந்தீர்கள், எப்போது அதிகம் பயந்தீர்கள். எல்லாமே அழவைக்கிற கேள்விகள். அக்கா "ஓம்" என்பார், "கஷ்டந்தான்" என்பார், "எல்லாருக்கும் அப்பிடித்தானே" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. இரண்டு தடவை போய்ப் பஸ் டிக்கெட்டோடு திரும்பினேன்.

மூன்றாவது தடவை அவருக்கே பொறுமை போய்விட்டது.

"ரீச்சர், நாங்கள் அழுததையே கேக்கிறியள். வேலை செய்ததை ஆர் கேக்கிறது?"

பை மாட்டிக்கொண்டு வருகிற பெண் எல்லோருமே அங்கே ரீச்சர்தான்.

"என்ன வேலை பாத்தீங்க அக்கா?"

"பாண் போட்டனான். பட்டணத்துக்கே."

பாண் என்றால் நம் ஊர் பிரெட். கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். என் சர்வீஸில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று. அன்று அக்கா மூன்று மணி நேரம் பேசினார். பேக்கரியில் வேலை பார்த்த ஆண்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். சிலர் வெளிநாட்டுக்கு, சிலர் சண்டைக்கு, சிலர் எங்கே என்றே தெரியாது. மிச்சம் இருந்தது வயதான முதலாளியும் அடுப்பும்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் அந்த அடுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஈஸ்ட் கிடைக்காதபோது கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். விறகு இல்லாதபோது உடைந்த வீடுகளின் கதவு நிலையை எரித்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் முதலில் ஈரச் சாக்கை எடுத்து மாவை மூடுவார்கள், அதற்குப் பிறகுதான் பதுங்குகுழி.

"முதல்ல நீங்க ஓட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"மா காய்ஞ்சு போனால் ஆர் தாறது ரீச்சர்? எங்களை மாதிரி ஆக்கள் கிடைப்பினம். மா கிடைக்காது" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வந்ததுதான் தலையணைக் கதை.

ஒரு வீட்டுக்கு ஒரு பாண் என்பது அவர்கள் வைத்த சட்டம். பிள்ளைத்தாச்சி வந்து நின்றால் அவளுக்கு மட்டும் இரண்டு. நெடுநெடுவென்று வளர்ந்த ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் வருவாளாம். வயிறு ஒரு வாரம் மேலே இருக்குமாம், ஒரு வாரம் கீழே இருக்குமாம். அக்கா எழுந்து நின்று அந்த நடையை நடந்தே காட்டினார். பிறகு ஒரு மாதம் அவளைக் காணவில்லை. திரும்பி வந்து வரிசையில் நின்றபோது வயிறு தட்டை, கையிலும் பிள்ளை இல்லை. வரிசையில் ஒருத்தி, "தலையணையை எங்கையடி விட்டனீ?" என்று கேட்க, மொத்த வரிசையும் சிரித்திருக்கிறது. அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அன்றிலிருந்து அவள் தலையணைக்காரி.

"நான் அவவைக் குறை சொல்லேல்லை. கெட்டிக்காரி. எனக்கு அந்தப் புத்தி வரேல்லையே" என்று முடித்தார் அக்கா.

நான் அந்தப் பதிவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டாத ஆள் இல்லை. ஆபீஸ் சிரித்தது, கேன்டீன் சிரித்தது. வீட்டில் என் நாத்தனார் புரையேறிச் சிரித்தாள். கல்லூரியில் ஒரு கண்காட்சி வைத்து, முகாம்களிலிருந்து பெண்களை எல்லாம் அழைத்து, அவர்கள் குரல்களையே ஒலிபரப்புவது என்று முடிவானபோது முதலில் தேர்வானது அந்தப் பதிவுத் துண்டுதான். தேர்ந்தெடுத்தது நானேதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

டி. கல்லுப்பட்டிச் சாலையில் இன்னொரு முகாமில் கமலா அக்கா என்று ஒருவர். பள்ளிச் சீருடை தைக்கிறவர். போர்க்காலத்திலும் தையல்தான். ஆஸ்பத்திரியில் கட்டுத் துணி தீர்ந்துபோனபோது வீடு வீடாகப் பழைய சேலை வாங்கி, வெட்டி, சுருட்டிக் கொடுத்த கூட்டத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மனுஷி வாயே திறக்கவில்லை. கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் தலையசைப்புத்தான் பதில். ரெக்கார்டரில் கடகட என்று மிஷின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையணைக் கதையைச் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை, அம்புட்டுத்தான் என் ஒழுக்கம். எழுந்து நின்று அந்த நடையையும் நடந்து காட்டினேன்.

மிஷின் நின்றது. கமலா அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்து, கையில் இருந்த காக்கித் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கட்டுத் துணிகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். கல்யாணப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டாம். பட்டு ரத்தத்தை உறிஞ்சாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால், அவர்கள் முகம் வாடிப்போகுமாம். அதனால் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அப்படிப்பட்ட பேச்சு. நான் வெற்றிக் களிப்பில் அன்றைய குறிப்பில் எழுதினேன்: "தயக்கம் உடைந்தது. நல்ல பதிவு."

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி அக்கா போன்கூடப் பண்ணாமல் இரண்டு பஸ் மாறி எங்கள் மாடிக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ரீச்சர், அந்தத் தலையணைக் கதையைப் போடாதேங்கோ. என்ர பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப் போகும்."

விஷயம் இதுதான். முகாமில் பிறந்து வளர்ந்த அவருடைய மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. நல்ல பையன், டைல்ஸ் கடையில் வேலை. முந்தின நாள்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த உயரத்தையும் நடையையும் மறக்க முடியுமா? தலையணைக்காரியேதான். கட்டிப்பிடித்து அழுது, தேத்தண்ணி கொடுத்து, தேதிவரை பேசி அனுப்பிய பிறகுதான், தான் ரெக்கார்டரில் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது.

"அவவும் சனிக்கிழமை வருவா. எல்லாருக்கும் முன்னாலை அவவைப் பாண் திருடி எண்டு போட்டால் ஆர்தான் பெண் எடுப்பினம்?"

"எடுத்துருவோம் அக்கா, கவலைப்படாதீங்க" என்றேன். சொல்லும்போதே லேசாக ஒரு சந்தேகம். "மாப்பிள்ளையோட அம்மா எந்த முகாம்?"

"கல்லுப்பட்டி ரோட்டு முகாம். தைக்கிறவ. கமலா எண்டு பேர்."

அந்தத் தண்ணீரை நான் எடுத்துக் குடித்துவிட்டேன்.

அக்காவை அனுப்பிவிட்டு நேராகத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நடந்து காட்டியதை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்து, அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்து மேசையில் இருந்த தம்பிதான் வழி சொன்னான். "விடுங்க மேடம். நீங்க பேரு சொல்லலையே. அவங்களப் பத்தித்தான்னு அவங்களுக்குத் தோணாமக்கூடப் போயிருக்கலாம். போய் நீங்களா ஏன் கெளறணும்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குத் தேனாக இனித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, அந்தம்மா சிரிச்சாகன்னு சொன்னியே. என்னத்துக்குச் சிரிச்சாக?"

"தெரியல சார்."

"தெரியாதத வச்சுக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்க? அந்தம்மா மனசுக்குள்ள வச்சிருந்து கல்யாணத்தன்னைக்குச் சொன்னா, மாட்டுறது பரமேஸ்வரியம்மாதான். நீ இல்ல."

அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. நான் கொட்டிய சொல்லுக்கு அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கப்போகிறது. "நாளைக்குக் காலைல போய்ட்டு வாரேன் சார்" என்றேன்.

பஸ்ஸில் மூன்று பொய்களை ஒத்திகை பார்த்தேன். கதையை நானே கட்டினேன் என்று சொல்லலாம். வேறு ஊரில் வேறு யாரோ சொன்னது என்று சொல்லலாம். மூன்றாவது இப்போது மறந்துவிட்டது, அவ்வளவு மோசமான பொய். திருமங்கலம் தாண்டும்போது மூன்றையும் விட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்த உண்மைக்கு முன்னால் என் பொய் எத்தனை நிமிஷம் நிற்கும்?

கமலா அக்கா மிஷினில்தான் இருந்தார். "இருங்கோ ரீச்சர். நீங்கள் வருவியள் எண்டு தெரியும்" என்றார்.

நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். நான் சொன்ன கதை யாரிடம் கேட்டது, அதைக் கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கியது என் தப்பு, பரமேஸ்வரி அக்கா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கெட்டிக்காரி என்றுதான் சொன்னார், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

"கலியாணத்தை ஏன் நிப்பாட்டுறது?" என்றார் அவர். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"அது தலையணை இல்லை ரீச்சர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆறு மாசம். ஷெல்லடி கூடிப்போச்சு எண்டு அம்மா வீட்டுக்கு நடந்து போனனாங்கள். மூண்டு நாள், நல்ல மழை. பிள்ளை தங்கேல்லை. ஒரு மாசம் அம்மாவோட இருந்திட்டுத் திரும்பி வந்து வரிசையிலை நிண்டனான். பின்னாலை நிண்ட ஒருத்தி கேட்டா, தலையணை எங்கை எண்டு. எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான்."

"நீங்க ஏன் அக்கா சொல்லல?"

"அந்த வரிசையிலை ஆர் வீட்டிலை ரீச்சர் இழவில்லை? கன நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் எல்லாருமாச் சிரிச்சவை. நான் வாயைத் திறந்தால் அதுவும் போயிடும்." மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். "பிறகு அந்தப் பேரே பிடிச்சுப் போச்சு. பாவம் எண்டு பாக்கிறதை விட, கெட்டிக்காரி எண்டு பாக்கிறது நல்லம்தானே?"

நான் அழுதேன். அழவைக்கப் போன கேள்விகள் எல்லாம் சேர்ந்து என்னைத்தான் அழவைத்தன. அவர் எழுந்து எனக்குத் தேத்தண்ணி போட்டார்.

"அவ இருக்கிறாவே, பரமேஸ்வரி. வயிறு வத்தி வந்த அண்டைக்கும் கண்ணைச் சிமிட்டிப் போட்டு ரெண்டு பாண் தந்தவ. அந்த வீட்டிலை இருந்து பெண் எடுக்க எனக்கென்ன கசக்குதோ? ஆனால் அவவிட்டை இதைச் சொல்லாதேங்கோ. சோறு இறங்காது அவவுக்கு."

சொல்லவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டு, நான் உளறியதை ஒத்துக்கொண்டு, "கமலா அக்காவுக்குத் தெரியும். சிரிச்சாங்க. கல்யாணம் உண்டு" என்றேன். மூன்றும் உண்மைதான். முப்பது வருஷ சர்வீஸில் வாயை மூடிக்கொண்டு நான் செய்த முதல் வேலை அது. சனிக்கிழமை தலையணைத் துண்டை எடுத்துவிட்டு, ஈரச் சாக்குப் போட்டு மாவை மூடிய கதையைப் போட்டோம். அரங்கமே சிரித்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்ததில் தங்கள் குரல் வந்ததைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

கல்யாணம் முகாமிலேயே பந்தல் போட்டு நடந்தது. பந்தியில் எனக்கு மட்டும் வடை இரண்டு வைத்தார் பரமேஸ்வரி அக்கா. நான் பிள்ளைத்தாச்சி இல்லை என்றேன். உங்கள் வயிற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார்.

இங்கேயே முடித்தால் எனக்கும் நல்ல பெயர். ஆனால் பாதிதான் சொன்னதாகும்.

மறு வருஷம் கமலா அக்காவின் மருமகள் உண்டானாள். வளைகாப்பு இங்கே வந்து அவர்கள் பழகிக்கொண்ட வழக்கம். மாப்பிள்ளை வீட்டில் வளையல் அடுக்கும்போது, பெண்ணின் வயிறு சின்னதாக இருக்கிறதே என்று யாரோ சொல்ல, பரமேஸ்வரி அக்கா வழக்கமான கிண்டலில், "என்னடி, தலையணை கட்டிக்கொண்டு வந்தனியோ?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கமலா அக்கா சிரிக்கவில்லை. சம்பந்தியின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார். "என்னைச் சொன்னது பரவாயில்லை. இந்தப் பிள்ளையைச் சொல்லாதேங்கோ" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்து எங்கள் மாடிக்கு வந்தார்கள். பரமேஸ்வரி அக்காவின் முகம் வீங்கியிருந்தது. "மெஷினைப் போடுங்கோ ரீச்சர். நான் பிழையாச் சொல்லிப் போட்டன்."

போட்டேன். அந்தப் பதிவு முழுசாக ஒரு நிமிஷம்கூட வராது. இன்றும் உங்கள் அலமாரியில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

"என்ர பேர் பரமேஸ்வரி. பட்டணத்திலை பாண் போட்டனான். கமலா எண்டு ஒராள் எங்கட வரிசையிலை நிண்டவ. அவ பிள்ளைத்தாச்சி. அவவுக்கு ரெண்டு பாண் குடுத்தனாங்கள். அது குடுக்க வேண்டிய பாண்."

பழைய பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். சிரித்ததும் நடந்ததுதானே, இருக்கட்டும் என்றார் கமலா அக்கா. அதனால்தான் இரண்டும் ஒரே எண்ணின் கீழே இருக்கின்றன. யாராவது கேட்க வந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். சிரிப்பை மட்டும் தனியாக வெட்டிக் கேட்டால், எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் வழக்கம்போலப் படிவத்தை எடுத்தேன். சொன்னவர் பெயர், ஊர், செய்த தொழில் எல்லாம் நிரப்பினேன். பதிவில் குறிப்பிடப்படும் நபர்கள் என்ற இடத்தில் கமலா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பரமேஸ்வரி அக்கா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ரெண்டு பேர் எண்டு எழுதுங்கோ, ரீச்சர்."

எழுதினேன்.